மூலப்பத்திரமா, கடன் சீட்டா?

நிலம் வாங்க முற்படுகிறவர் முதலில் கேட்பது மூலப்பத்திரம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று யாவும் அதற்குப் பின்னரே. அம்மூலப்பத்திரம் தெளிவாயிருந்தால் நிலம் நம்முடையது என்று நிம்மதியாக உறங்கலாம்.

நாடுகளுக்கும் நிலப்பகுதிகளுக்கும் இத்தகைய மூலப்பத்திரங்கள் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு 1776 ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனமும் 1787 ஆம் ஆண்டின் அரசியல் சாசனமும் அவ்வாறு அமைந்தன. நமது கம்பம் பள்ளத்தாக்குக்கு 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே கையெழுத்தான பெரியாறு குத்தகைப் பத்திரம் அவ்வாறு அமைந்தது. அங்கே தேர்தல் வந்தால் நாட்டின் நிறுவனர்கள் மேடையேறுகின்றனர். இங்கே அணையின் நீர்மட்டம் பேசுபொருளானால் 999 ஆண்டு என்னும் எண் மேடையேறுகிறது. தொடக்க கால வரலாறு இன்றைய அரசியலுக்குள் இவ்வாறு இழுத்து வரப்படும்போது அது எப்படி வாசிக்கப்படுகிறது, அவ்வாசிப்பில் எது விடுபடுகிறது என்பதைத் திறனாய்வு நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு அமெரிக்காவைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று வாசகர் வினவலாம். நாம் நினைப்பதைவிட அந்நாட்டின் தொடக்கம் நமக்கு நெருக்கமானது. 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை, சென்னைக் கோட்டையை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் வாஷிங்டனின் படையிடமும் பிரெஞ்சுப் படையிடமும் பணிய நேர்ந்த ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ் பிரபு, 1786 ஆம் ஆண்டில் கம்பெனியின் தலைமை ஆளுநராக இந்தியாவுக்கு வந்தார். அவர் திப்பு சுல்தானுடன் போரிட்டு 1792 இல் செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கம்பெனியின் கைக்கு மாறியது. போடிநாயக்கனூர்ப் பாளையம் அச்சீமையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் தோற்ற அதே கையே நம் ஊரைக் கம்பெனியின் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. இரண்டு வரலாறுகளும் ஒரே பேரரசின் கணக்கேட்டில் அடுத்தடுத்த பக்கங்கள் எனலாம்.

கதைகள் செய்யும் வேலை

தொடக்க வரலாற்றைச் சுற்றி முதலில் முளைப்பவை கதைகளே. சிறுவன் வாஷிங்டன் தன் தந்தையின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டுப் பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டான் என்னும் கதையை நம் பள்ளிகளிலும் பலர் கேட்டிருப்பர். அதை எழுதியவர் மேசன் லாக் வீம்ஸ் என்பவர். வாஷிங்டன் மறைந்த மறு ஆண்டான 1800 இல் அவர் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலில் இக்கதை இல்லை. 1806 ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில்தான் அது தலைகாட்டுகிறது. வரலாற்றாசிரியர் இதனை வீம்ஸின் கற்பனை என்றே கொள்வர். அந்த வீம்ஸ் ஒரு திருச்சபைக் குரு. நற்புத்தி புகட்ட ஒரு சிறு கதை சேர்ப்பதில் பிழையில்லை என்று பிரசங்க பீடத்தில் நிற்பவர்களுக்கு எளிதில் தோன்றிவிடுகிறது. என் போன்றோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

நம் பள்ளத்தாக்கிலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. அணைப்பணி பாதியில் நின்றபோது பொறியாளர் ஜான் பென்னிகுவிக் இங்கிலாந்திலிருந்த தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பர். அவர் காட்டாற்று வெள்ளத்தோடும் காய்ச்சலோடும் போராடிப் பணியை நடத்தியவர் என்பதில் ஐயமில்லை. 1887 இல் தொடங்கிய வேலையில் தொடக்க காலக் கட்டுமானங்களை ஆறு அடித்துச் சென்றதும், 1895 இல் அணை திறக்கப்பட்டதும் வரலாறு. ஆனால் அது சென்னை மாகாண அரசின் பணத்தில், அதன் பொதுப்பணித் துறையினரால் கட்டப்பட்ட அணை. அப்பணியில் ஈடுபட்ட பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி 1899 ஆம் ஆண்டில் அத்திட்டத்தின் வரலாற்றை நூலாகவே எழுதினார். நகை விற்ற செய்திக்கு உறுதியான ஆவணச் சான்று காட்டப்பட்டதில்லை.

மலைக்கு அப்பாலும் ஒரு கதை உலவுகிறது. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் இப்பத்திரத்தில் தம் நெஞ்சின் குருதியால் கையெழுத்திடுவதாகக் கூறி வருந்தினார் என்பது அது. மன்னர் விசாகம் திருநாள் 1885 ஆகஸ்டில் மறைந்தார். பத்திரம் கையெழுத்தானது 1886 அக்டோபரில், மூலம் திருநாளின் ஆட்சியில். மன்னர் தரப்பில் ஒப்பமிட்டவர் திவான் இராமய்யங்கார், ஆங்கில அரசின் தரப்பில் ஒப்பமிட்டவர் ரெசிடெண்ட் ஹானிங்டன். இறந்த மன்னரின் குருதியைக் கொண்டு ஓர் ஒப்பந்தத்தை எழுத இயலாது.

இக்கதைகள் பொய் என்று சொல்லிவிட்டு நகர்வது திறனாய்வு ஆகாது. அவை என்ன வேலை செய்கின்றன என்பதே கேட்கத்தக்க வினா. செர்ரி மரக்கதை வாஷிங்டனை மாசற்றவராக்குகிறது. அவர் இறந்த 1799 ஆம் ஆண்டில் அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர் என்பதும், அவர்களில் சட்டப்படி அவருக்கே உரியவராயிருந்த 123 பேரைத்தான் அவருடைய உயில் விடுவித்தது என்பதும் அக்கதையின் ஒளியில் மறைந்துபோகின்றன. நகை விற்ற கதை பென்னிகுவிக்கைத் தனியொரு வள்ளலாக்குகிறது. காட்டில் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்தவர்கள், மலேரியாவில் மடிந்து அணைக்கருகே புதைக்கப்பட்டவர்கள் அந்நிழலில் காணாமற்போகின்றனர். குருதிக் கையெழுத்துக் கதையோ ஒரு மக்களினத்தை ஏமாற்றப்பட்டவராகவும் மற்றொன்றை ஏமாற்றியவராகவும் நிறுத்துகிறது. 999 ஆண்டுக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் என்று விலை பேசியது ஒரு பேரரசும் அதற்குக் கட்டுப்பட்ட ஒரு சமஸ்தானமும். கூடலூர் உழவருக்கும் வண்டிப்பெரியாற்றுத் தொழிலாளிக்கும் அதில் பங்கில்லை.

நன்றியுணர்வு நல்ல குணம். பள்ளத்தாக்கின் இல்லங்களில் பென்னிகுவிக்கின் படம் மாட்டப்பட்டிருப்பதும், ஜனவரி 15 ஆம் நாள் அவர் பிறந்தநாளில் பொங்கலிடப்படுவதும், 2013 ஆம் ஆண்டில் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் எழுந்ததும் அந்நன்றியின் அடையாளங்கள். அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒருவருக்கு மாலை அணிவிப்பதால் ஆயிரம் பேருக்குப் பட்ட கடன் தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணிவிடுகிறோம். கதையின் ஆபத்து இங்கேதான் உள்ளது.

பத்திரத்தில் இல்லாதவர்கள்

கதைக்கு அடுத்து வருவது பத்திரம். இறையியல் கல்லூரியில் திருநூல் விளக்கம் பயில்வோர்க்கு முதலில் மூன்று வினாக்கள் கற்பிக்கப்படும். இந்நூல் எச்சூழலில் தோன்றியது? அது என்ன சொல்கிறது? இன்று நம்மிடம் என்ன கேட்கிறது? அரசியல் மேடையில் இரண்டாம் வினா மட்டுமே எஞ்சுகிறது. அதிலும் நமக்கு வேண்டிய வரி மட்டுமே படிக்கப்படுகிறது.

அமெரிக்காவில் இன்று நீதிமன்றங்களே இவ்வினாவில் சிக்கியுள்ளன. சாசனத்தின் சொற்களுக்கு அது இயற்றப்பட்ட காலத்து மக்கள் கொண்ட பொருளே இன்றும் பொருள் என்று வாதிடும் நீதிபதிகள் அங்கு வலுப்பெற்றுள்ளனர். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்தவேண்டும் என்று 2022 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 1787 ஆம் ஆண்டின் சாசனத்தில் அடிமை என்னும் சொல்லே இல்லை. பிற நபர்கள் என்று சுற்றிவளைத்துக் கூறி, பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட அவர்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ண வகை செய்தது. எழுதப்பட்டதை மட்டும் படிப்பவர்க்கு எழுதப்படாமல் விடப்பட்டவர் தென்படுவதில்லை.

பெரியாற்றுப் பத்திரமும் இவ்வாறே படிக்கத்தக்கது. நீர்த்தேக்கத்துக்கு 8,000 ஏக்கர், கட்டுமானங்களுக்கு 100 ஏக்கர் என்று அது நிலத்தை அளக்கிறது. அந்நிலத்தைச் சார்ந்து வாழ்ந்த மன்னான், பளியர் முதலிய மலைக்குடிகள் இரு தரப்பிலும் இல்லை. பின்னாளில் அவர்கள் குமுளியருகே குடியமர்த்தப்பட்டனர். மன்னாக்குடி, பளியக்குடி என்னும் பெயர்கள் அதற்குச் சாட்சி. வழியில் உள்ள ஊர்ப்பெயராக அவற்றைக் கடந்து செல்கிறோம்.

ஏலமலைக்கும் தனியே ஒரு மூலப்பத்திரம் உண்டு. 1897 ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு ஏலமலைக் காப்புக்காடு குறித்து வெளியிட்ட அறிவிக்கை அது. அதில் குறிக்கப்பட்ட பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்கு. முன்னால் நிற்கும் ஓர் எண்ணைப் பொறுத்து ஒரு மலைத்தொடர் காடாகிறது, அல்லது தோட்டமாகிறது. நூறாண்டுக்கு முந்தைய எழுத்து இன்றைய அரசியலில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை. இவ்வழக்கிலும் ஆவணத்தைக் காட்டுவோர் அரசும் உடைமையாளரும் சூழலியலாரும். அங்கே நாள்தோறும் காய் எடுப்போரிடம் காட்டுவதற்கு ஓர் ஆவணமும் இல்லை.

பத்திரத்தின் வலிமை அதில் ஒப்பமிட்டோரின் வலிமையே என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் அணையின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். வாஷிங்டன் குடியரசுத் தலைவராக இருந்த 1794 ஆம் ஆண்டில் கனன்டைகுவா என்னுமிடத்தில் ஆறு பூர்வகுடி இனங்களோடு ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. செனகா இனத்தாரின் நிலம் அவர்களுடையதே, அதில் இடையூறு செய்யமாட்டோம் என்று ஐக்கிய நாடுகள் வாக்களித்தன. அவ்வுடன்படிக்கைப்படி ஆண்டுதோறும் வழங்கவேண்டிய துணியை அரசு இன்றும் வழங்குகிறது. நிலத்தையோ அவ்வாறு காக்கவில்லை. 1965 இல் முடிவுற்ற கின்சுவா அணையின் நீர் செனகா மக்களின் சுமார் 10,000 ஏக்கர் நிலத்தை மூழ்கடித்தது. அறுநூறு பேரளவில் இடம்பெயர்ந்தனர். துணி தவறாமல் வந்துகொண்டிருக்க, வாக்குறுதி நீருக்கடியில் கிடக்கிறது. நம் பத்திரம் நிலைத்தது. 1970 இல் ஏக்கருக்கு 30 ரூபாய் என்று குத்தகை திருத்தப்பட்டது. 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதன் செல்லுபடியை ஏற்று 142 அடி நீர்மட்டத்தை உறுதி செய்தது. இரண்டு பக்கமும் அரசுகள் இருந்ததால் பத்திரம் பிழைத்தது. ஒரு பக்கம் எளியோர் மட்டுமே இருந்தால் என்னவாகும் என்பதைக் கின்சுவா கூறுகிறது.

மணியில் பொறிக்கப்படாத பாதி

பிலடெல்பியா நகரில் விடுதலை மணி என்று ஒரு மணி காக்கப்படுகிறது. பென்சில்வேனியா சட்டமன்றம் 1751 ஆம் ஆண்டில் அதனைச் செய்யப் பணித்தது. வில்லியம் பென் வழங்கிய 1701 ஆம் ஆண்டுச் சாசனத்துக்கு அது ஐம்பதாம் ஆண்டு. ஆகவே லேவியர் நூலின் 25 ஆம் அதிகாரம் 10 ஆம் வசனத்தை அதில் பொறித்தனர். ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியைக் குறித்து, நாடெங்கும் குடிகள் யாவர்க்கும் விடுதலையை அறிவிக்கச் சொல்லும் வசனம் அது.

ஆனால் வசனம் அங்கே முடிவதில்லை. அவ்விடுதலை எப்படி நிகழவேண்டும் என்பதை அதன் பிற்பகுதி கூறுகிறது. ஒவ்வொருவரும் தம் நிலவுடைமைக்குத் திரும்பவேண்டும், ஒவ்வொருவரும் தம் குடும்பத்துக்குத் திரும்பவேண்டும் என்பது அது. நிலத்தை என்றென்றைக்குமாக விற்கலாகாது என்று அதே அதிகாரம் தொடர்ந்து கூறுகிறது. மணியில் இடம்பெற்றது முற்பகுதி மட்டுமே. வெண்கலத்தில் இடமில்லாமை காரணமாயிருக்கலாம். ஆயினும் பின்வந்த வரலாறு முழுவதும் அவ்விடுபாட்டைப் போலவே நடந்தது. விடுதலை அறிவிக்கப்பட்டது. நிலமும் குடும்பமும் திரும்பவில்லை. அடிமைச் சந்தையில் பிரிக்கப்பட்ட குடும்பங்கள் சேரவில்லை. பூர்வகுடிகளின் நிலம் மீளவில்லை.

வியப்பு என்னவெனில், அம்மணிக்கு விடுதலை மணி என்னும் பெயரை வழங்கச் செய்தவர்கள் 1830 களில் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்களே. அவர்கள் அதைப் பழம்பெருமையாகப் பார்க்கவில்லை. நீங்கள் பொறித்துவைத்ததை நிறைவேற்றுங்கள் என்று கேட்கப் பயன்படுத்தினர். அடிமையாய்ப் பிறந்து தப்பிவந்த பிரடெரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் பேசியபோது, அடிமைக்கு இந்த விடுதலை நாள் என்ன நாள் என்று வினவினார். 1776 ஆம் ஆண்டின் கொள்கைகளை அவர் தூக்கி எறியவில்லை, அவற்றையே சாட்சிக்கு அழைத்தார். 1963 ஆகஸ்டு 28 அன்று வாஷிங்டன் நகரில் மார்ட்டின் லூதர் கிங் அந்நிறுவன ஆவணங்களைக் கடனுறுதிச் சீட்டு என்று உருவகித்தார். நம் கடைத்தெருவில் புரோநோட்டு என்கிறோமே, அதுதான். கறுப்பின மக்களைப் பொறுத்தவரை அச்சீட்டு இன்னும் தீர்க்கப்படவில்லை என்பதே அவரது வாதம்.

தொடக்க வரலாற்றை வாசிக்க இரண்டு முறைகள் உள்ளன என்பது இங்கே தெளிவாகிறது. மூலப்பத்திரமாக வாசிப்பவர், இது என்னுடையது என்பதற்குச் சான்று தேடுகிறார். கடன் சீட்டாக வாசிப்பவர், யாருக்கு என்ன தரவேண்டியிருக்கிறது என்று தேடுகிறார். எழுத்து ஒன்றே. வாசிப்பவரின் கேள்வி வேறு.

இரண்டாம் முறையும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. அமெரிக்க வரலாற்றின் தொடக்கத்தை 1776 க்குப் பதிலாக, ஆப்பிரிக்க அடிமைகள் வர்ஜீனியாவில் இறக்கப்பட்ட 1619 இலிருந்து காணவேண்டும் என்று 2019 இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு கட்டுரைத் தொகுதி வெளியிட்டது. புரட்சியின் காரணங்களைப் பற்றி அதில் கூறப்பட்டதைப் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் ஐவர் மறுத்தனர். 2020 இல் ஒரு வாக்கியம் திருத்தப்பட்டது. எதிர்த்தரப்பில் டிரம்பின் அரசு 1776 ஆணையம் என்று ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை 2021 ஜனவரி 18 இல் வெளிவந்தது. இரண்டு நாளில் புதிய அரசு ஆணையத்தைக் கலைத்தது. 2025 ஜனவரியில் மீண்டும் பதவியேற்ற டிரம்ப் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். ஆட்சி மாறும்போதெல்லாம் தொடக்க வரலாறும் மாறுகிறது என்றால், அங்கே வரலாறு படிக்கப்படவில்லை, ஏவப்படுகிறது. கடனைக் கேட்பவரும் கணக்கைச் சரியாக எழுதவேண்டும். அறம் சார்ந்த கோரிக்கைக்குப் பொய்ச்சான்று தேவையில்லை.

மலையில் நிலுவையிலுள்ள கணக்கு

இனி நம் மலைக்கு வருவோம். ஏலத்தை ஏலம் விடும் ஊர் போடி. சந்தையில் வந்து குவியும் பச்சைக் காயின் பின்னே, தினமும் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியே மலையேறி இருட்டுமுன் இறங்கும் பெண்களின் உழைப்பு இருக்கிறது. இரு மாநிலத்துச் சோறும் அவர்களால் விளைகிறது. ஆனால் இரு மாநிலத்து மேடைகளும் 1886 ஐப் பேசும்போது அவர்கள் பெயர் எழுவதில்லை.

2011 நவம்பர், டிசம்பர் மாதங்களை நினைத்துப் பார்ப்போம். அணை உடைவதாகக் காட்டும் டேம் 999 என்னும் திரைப்படம் வந்தது, தமிழகத்தில் அது தடை செய்யப்பட்டது. குமுளியில் வண்டிகள் நின்றன. கம்பத்திலும் கூடலூரிலும் மக்கள் திரண்டனர். எல்லைக்கு அப்பால் தமிழ்த் தொழிலாளர் அஞ்சினர், இப்பால் மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் தாக்குதலுக்கு அஞ்சின. ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் வேலையிழந்து வீட்டில் இருந்தனர். மலையில் குடியிருந்த குடும்பங்கள் பல கீழே இறங்கின. பத்திரத்தின் உரிமையைப் பற்றி அன்று எழுந்த குரல்களில் எத்தனை, பத்திரத்தில் பெயரில்லாத இவர்களின் கூலியைப் பற்றிப் பேசின?

இது புதிதன்று. 1950 களில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எம்மாநிலத்துக்கு உரியன என்னும் வழக்கு எழுந்தபோது, அங்குள்ள தமிழர் பெரும்பாலும் வந்து போகும் தோட்டக் கூலிகளே என்னும் வாதம் ஓங்கி ஒலித்தது. 1956 நவம்பர் 1 அன்று அவ்வட்டங்கள் கேரளத்தில் நின்றன. அம்முடிவை இன்று மறுவிசாரணை செய்வது நம் நோக்கமன்று. ஆனால் தலைமுறைகளாக ஒரு மலையில் உழைத்துப் பிள்ளை பெற்று அங்கேயே மடிந்தவர்களை வந்து போகிறவர் என்று அழைக்க இயன்றது எப்படி? தங்குவதற்குரிய நிலமும் வீடும் அவர்களுக்கு வழங்கப்படவில்லை, பின் நிலமும் வீடும் இல்லாமையே அவர்கள் நிலையற்றவர் என்பதற்குச் சான்றாயிற்று. தோட்டத்து லயத்தில் வேலை உள்ளவரைதான் வீடு. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும். ஆகவே வீட்டைக் காக்க மகளோ மருமகளோ அதே கொழுந்துக்கூடையை எடுக்கிறாள். நிலத்துக்கும் குடும்பத்துக்கும் திரும்புதல் என்று லேவியர் நூல் கூறியதன் நேரெதிர் இது.

2020 ஆகஸ்டு 6 இரவில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளுமே. தலைமுறைகள் உழைத்த மண்ணில் அவர்களுக்கு அன்று சொந்தமாகக் கிடைத்த இடம் கல்லறை மட்டுமே.

இலக்கியம் இக்கணக்கைச் சட்டத்தைவிட முன்னதாகவே எழுதத் தொடங்கியது. தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட புதினம், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் எரியும் பனிக்காடு என்று தமிழுக்கு வந்தது. நெல்லைச் சீமையிலிருந்து ஆனைமலைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லப்படும் கருப்பன், வள்ளி என்னும் இணையரின் கதை அது. தோட்டத்தை உருவாக்கிய துரைமாரின் வீரதீரத்தை அது தேடவில்லை. முன்பணம் எப்படிக் கடனாகியது, கடன் எப்படித் தளையாகியது என்று தேடியது. அந்நூலின் பெருமை இத்தேர்விலேயே உள்ளது. பெரியாற்று அணை கட்டப்பட்ட வரலாற்றை அ. வெண்ணிலா நீரதிகாரம் என்னும் புதினமாக எழுதி ஆனந்த விகடனில் தொடராக வந்தது. நம் மேடைகள் இன்னும் சிலையோடு நிற்கையில் நம் எழுத்து அதைக் கடந்து நடக்கத் தொடங்கிவிட்டது எனலாம்.

மக்களும் நடக்கத் தொடங்கினர். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் அமர்ந்தனர். பெண்கள் ஒற்றுமை என்று தங்களை அழைத்துக்கொண்டனர். கம்பெனியிடம் மட்டுமன்றித் தங்கள் பெயரில் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களிடமும் கணக்குக் கேட்டனர். போனசும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு பெற்றனர். அவர்கள் எந்த மன்னரின் பெயரையும் எந்தப் பொறியாளரின் பெயரையும் சொல்லவில்லை. தாங்கள் பறித்த கொழுந்தின் எடையைச் சொன்னார்கள்.

நீர் உரிமை தளர்ந்துவிடுமா?

இவ்வாறு பேசினால் நம் நீருரிமை தளர்ந்துவிடுமே என்று சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலும், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரை நீளும் பாசனமும் அந்நீரை நம்பியுள்ளன. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சத்தில் மடிந்தவர்களின் நினைவு அவ்வணைக்குப் பின்னே உள்ளது. பத்திரம் செல்லும் என்று நீதிமன்றம் கூறியுள்ளது. அது செல்லட்டும். அணைக்குக் கீழே வாழ்வோரின் அச்சமும் மனித அச்சமே. அதைக் கேலி செய்யாமல் வல்லுநரின் ஆய்வாலும் சரியான பராமரிப்பாலும் தணிப்பதே அரசுகளின் கடமை.

ஆனால் உரிமையை நிலைநாட்டுவதும் கடனைத் தீர்ப்பதும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. நல்ல மூலப்பத்திரம் கையிலுள்ளவருக்குத்தான் கடனைத் தீர்க்கும் தகுதியும் மிகுதி. நீர் நமக்கு உரியது என்று சொல்லும் அதே வாயால், அணை கட்டி இறந்தவர்களுக்கும், காடிழந்த மன்னான் பளியர் குடிகளுக்கும், லயத்தில் வாழ்ந்து லயத்தை விட்டு வெளியேற்றப்படும் பெண்ணுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று சொல்வதில் என்ன குறைந்துவிடும்? அவ்வாறு சொல்லும்போது மலைக்கு அப்பாலுள்ள தொழிலாளியும் நம் எதிர்வழக்காடி என்னும் நிலையிலிருந்து மாறி, நம்மோடு சேர்ந்து கடன் கேட்பவராகிறார்.

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கு 2026 ஆம் ஆண்டு 250 ஆம் ஆண்டு. அந்நாட்டார் எந்த வாசிப்பைத் தேர்கிறார்கள் என்பது அவர்கள் பொறுப்பு. நம் பொறுப்பு சிறியது, கைக்கெட்டியது. ஜனவரி 15 ஆம் நாள் பொங்கலிடும் மேடையில் பென்னிகுவிக்கின் பெயருக்குப் பின், பெயர் தெரியாமல் அணையடியில் புதைந்தவர்களுக்காக ஒரு நிமிடம் நின்று, லயத்திலிருப்போர்க்கு நிலமும் வீடும் வேண்டும் என்று ஒரு தீர்மானம் படிக்கலாம். ஜீப்பில் மலையேறும் பெண்களில் ஒருவரையே அதைப் படிக்க அழைக்கலாம்.